காட்பாடி மேசையில் ஒரு டபிள்யூஏபி-4: திக்கித் திக்கி ஓடிய எச்ஓ எஞ்சினைச் சரிசெய்த பதிவு

பழுது பார்க்க வந்தது, டபிள்யூஏபி-4 என்ற இந்திய மின்சார ரயில் எஞ்சினின் எச்ஓ மாதிரி; எச்ஓ என்றால் நிஜத்தில் 87இல் ஒரு பங்கு அளவு. மேசைக்கு வந்தபோது எஞ்சினின் நிலை இது. 12 வோல்ட் டிசி கொடுத்தால் நகர்கிறது, ஆனால் சீராக இல்லை. ஏறக்குறைய நாலு செ.மீ.க்கு ஒரு ‘டிக்’, கூடவே ஒரு உதறல். பாயிண்ட் (பாதை பிரியும் இடம்) மேல் ஏறினால் நின்றுவிடுகிறது, விரலால் தட்டினால் கிளம்புகிறது. ஏழு பெட்டிக்கு மேல் மாட்டினால் 2 சதவீத ஏற்றத்தில் சக்கரம் வழுக்குகிறது. பத்து நிமிடம் ஓடினால் கூரை சுடுகிறது. சும்மா தனியாக ஓடும்போதே 0.41 ஆம்பியர் இழுக்கிறது. ஒரு மீட்டர் கடக்க 4.1 நொடி.

இந்த ஒரு மீட்டர் கணக்கு எச்ஓ ஓட்டும் எல்லோருக்கும் உதவும். அளவு 1:87 என்பதால், 313ஐ நொடியால் வகுத்தால் மாதிரி வேகம் கிலோமீட்டரில் வந்துவிடும். 313 ÷ 4.1 = 76. நிஜ டபிள்யூஏபி-4இன் உச்ச வேகம் 140. முழு வோல்ட்டேஜில் பாதி வேகம்தான் வருகிறது, கரண்ட்டோ இரண்டு மூன்று மடங்கு போகிறது. எங்கோ எதுவோ பிடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மாதிரியைப் பற்றி இரண்டு வரி. அரக்கோணம் ஷெட் வண்டிகளைப் பார்த்துச் செய்த பிளாஸ்டிக் கூடு. அடியில் வெளிநாட்டு ஆறு அச்சு சேஸிஸ். நிஜ நீளம் 18.79 மீட்டர், 87ஆல் வகுத்தால் 216 மி.மீ.; கூடு சரியாக அந்த நீளம். சக்கரம் நிஜத்தில் 1092 மி.மீ., மாதிரியில் 12.5. இதுவும் சரி. இடிப்பது தண்டவாளம்தான். நம் அகலப்பாதை 1676 மி.மீ., எச்ஓவில் 19.3 வரவேண்டும்; உலகம் முழுக்க எச்ஓ தண்டவாளம் 16.5தான். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் வண்டி ஒட்டிய காலில் நிற்பது போலத்தான் இருக்கும். அதைச் சகித்துக்கொண்டுதான் இந்திய வண்டி ஓட்ட வேண்டும். (மீட்டர் கேஜ் காலத்து வேலூர் கன்டோன்மென்ட்டைச் செய்ய நினைப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. 1000 மி.மீ. என்பது 11.5 ஆகிறது, 12 மி.மீ. எச்ஓஎம் தண்டவாளம் கிட்டத்தட்டப் பொருந்திவிடும்.)

இன்னொன்று: இந்தப் பதிவில் போகி என்றால் பெட்டி அல்ல, மூன்று அச்சுகள் சேர்ந்த சக்கரக் கட்டு.

மோட்டாரைக் கழற்றும் முன்

எஞ்சின் திக்கினால் பலரும் முதலில் கை வைப்பது மோட்டாரில். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. கரண்ட் வரும் வழியில், கீழிருந்து மேலே போகவேண்டும்: தண்டவாளம், சக்கரம், சக்கரத்தைத் தொட்டுக் கரண்ட் எடுக்கும் கலெக்டர் பட்டை, ஒயர், பிறகு மோட்டார். எந்தக் கட்டத்தில் நோய் என்று பிரித்துக்கொள்ளாமல் கழற்றினால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

பிரிக்கும் முறை எளிது. எஞ்சினை ஸ்பாஞ்சில் குடைந்த பள்ளத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஆம்மீட்டரைத் தொடரில் மாட்டி, முதலில் சக்கரத்துக்கு 12 வோல்ட் கொடுத்தோம். சில ஜோடிச் சக்கரங்களில் ஓடியது, சிலவற்றில் அசையவே இல்லை. பிறகு கூட்டைக் கழற்றி மோட்டார் முனைகளுக்கே நேராகக் கொடுத்தோம். நின்று நின்று போவது காணாமல் போனது. ‘டிக்’ மட்டும் போகவில்லை, கரண்ட்டும் 0.38க்குக் கீழே இறங்கவில்லை.

ஆக, நோய் இரண்டு. ஒன்று கரண்ட் எடுப்பதில், இன்னொன்று கியரில். இரண்டும் சேர்ந்து ஒரே நோய் போல் நடித்துக்கொண்டிருந்தன.

அடுத்து, மோட்டாரின் சுழற்சியை இரண்டு போகிக்கும் கொண்டுபோகும் கார்டன் தண்டுகளைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓட்டினால் 0.09 ஆம்பியர். முன் போகியை மாட்டினால் 0.15. பின் போகியையும் மாட்டினால் 0.38. பின் போகிதான் குற்றவாளி. இந்த மூன்று எண்ணை எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதை எடுக்காமல் கழற்றியிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிருக்கும்.

தண்டவாளமும் ஃபீடரும்

எஞ்சினைத் தொடும் முன் ஓடும் பாதையைப் பார்த்தாகவேண்டும். கன்ட்ரோலர் பக்கத்தில் 12.0 வோல்ட், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மூலையில் அளந்தால் 10.3. சும்மா நிற்கும்போது அளந்தால் இரண்டு இடத்திலும் 12தான் காட்டும், ஏமாந்துவிடக் கூடாது. லோடு இருக்கும்போது அளப்பதே அளவு.

1.7 வோல்ட்டை விழுங்கியவை தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ரெயில் ஜாயினர்கள். தகர ஜாயினரை நம்பி ஐந்து மீட்டர் தள்ளிக் கரண்ட் அனுப்ப முடியாது. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரைப் பலகைக்கு அடியில் பஸ் லைனாக (பொது ஒயராக) ஓட்டி, அதிலிருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் மெல்லிய ஒயர் ஒன்றைத் (இதுதான் ஃபீடர்) தண்டவாளத்தின் வெளிப்பக்க அடியில் சால்டர் வைத்தோம். அந்த ஒயரின் தடை மீட்டருக்கு சுமார் 0.012 ஓம். ஐந்து மீட்டர் போய்வர 0.12 ஓம், ஒரு ஆம்பியருக்கு 0.12 வோல்ட்தான் இழப்பு. சால்டர் வைக்கும்போது பக்கத்து ஸ்லீப்பர்மேல் ஈரப் பஞ்சு வைக்கவேண்டும். தண்டவாளத்தை எமரியால் தேய்த்து, ரெஸின் ஃப்ளக்ஸ் தடவி, சூடான அயர்னை இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்காமல் எடுத்துவிட்டால் பிளாஸ்டிக் உருகாது. ஆசிட் பேஸ்ட் வேண்டாம், ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும்.

எல்லா ஜாயினரையும் சேர்த்துச் சால்டர் வைத்துவிடலாமே என்று தோன்றும். வேலூரில் செய்யாதீர்கள். நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.016 மி.மீ. விரியும். தை மாதக் காலையில் 20 டிகிரி, கத்திரி வெயிலில் மொட்டை மாடி அறைக்குள் 42 டிகிரி என்றால், மீட்டருக்கு 0.35 மி.மீ. ஐந்து மீட்டர் பாதையில் 1.8 மி.மீ. எங்காவது புடைத்துக்கொண்டு வரும், பெரும்பாலும் வளைவில். குளிர்காலத்தில் போடும் பாதையென்றால் மீட்டருக்கு அரை மி.மீ. இடைவெளி விடவேண்டும்; மே மாதத்தில் போட்டால் முட்டவைத்தே போடலாம். ஃபீடர் ஒயர் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக இருப்பதால் ஜாயினர் சும்மா வழிகாட்டியாக இருந்தால் போதும்.

சுத்தம் செய்ய எமரி பேப்பர் கூடாது. கீறலில்தான் அழுக்கு தங்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பளிச்சென்று துடைக்கும், ஆனால் கருப்பு சீக்கிரம் திரும்ப வரும். மண்ணெண்ணெய் போன்ற முனைவற்ற கரைப்பானால் கடைசியாக ஒருமுறை துடைத்து, காய்ந்த துணியால் எடுத்துவிட்டால் அந்தக் கருப்பு வர நாள் பிடிக்கும். துடைக்க ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் கிடைக்கும் தோல் வெட்டுத்துண்டின் சொரசொரப்பான பின்பக்கம் அருமையான பொருள். துணிபோல் நூல் உதிராது. ஒரு மரத்துண்டில் ஒட்டிக் கையடக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு சக்கரம், நான்கு கலெக்டர்

கூட்டைக் கழற்றியதும் தெரிந்த சங்கதி: பன்னிரண்டு சக்கரத்தில் நான்கு மட்டுமே கரண்ட் எடுக்கின்றன. முன் போகியில் இடப்பக்கம் இரண்டு, பின் போகியில் வலப்பக்கம் இரண்டு. பாயிண்டின் ஃப்ராக் (இரு தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை) பிளாஸ்டிக், ஏறத்தாழ 28 மி.மீ. நீளத்துக்குக் கரண்ட் கிடையாது. இரண்டில் ஒரு சக்கரம் அதன்மேல் இருக்கும்போது மற்றதன் அடியில் ஒரு தூசி இருந்தால் போதும், வண்டி நின்றுவிடும். பாயிண்டில் நின்றதற்கு வேறு மர்மம் ஒன்றுமில்லை.

ரப்பர் டயர் மாட்டிய சக்கரம் நான்கு. அவை இழுக்க உதவும், கரண்ட் எடுக்காது. மீதி எட்டிலும் கலெக்டர் வைப்பதென்று முடிவு. 0.3 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பி; சிறிய காப்பர் கிளாட் துண்டை (பிசிபி போர்டிலிருந்து 4 × 12 மி.மீ. வெட்டியது) போகியின் அடித்தட்டில் எப்பாக்ஸியால் ஒட்டி, அதன்மேல் கம்பியைச் சால்டர் வைத்து, நுனியைச் சக்கரத்தின் உள்முகத்தில் தொடும்படி வளைத்தோம். சக்கரத்தின் ஓடும் விளிம்பில் வைக்க ஆசைப்படக் கூடாது. அங்கேதான் அழுக்கு சேரும், கம்பியும் அதை வாரி உள்ளே கொண்டுபோகும்.

எவ்வளவு அழுத்தம்? தொடவேண்டும், தள்ளக் கூடாது. கியர் மாட்டாமல் அச்சை விரலால் சுண்டினால் இரண்டு சுற்றாவது சுற்றி நிற்கவேண்டும். உடனே நின்றால் கம்பி அதிகம் அழுத்துகிறது. எட்டுக் கம்பியும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்தால் மொத்தத்தில் ஒரு பெட்டியின் இழுவை அதிலேயே போய்விடும். நுனியைச் சற்று வட்டமாக மடக்கி வைத்தால் பின்னோக்கி ஓடும்போது குத்தாது.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் மேலே வரும் ஒயர்வரை மல்டிமீட்டரில் பார்த்தோம். ஏழு சக்கரம் 0.4 ஓமுக்குள். ஒன்று மட்டும் 6 ஓம், அச்சைச் சுற்றச் சுற்ற எண் குதித்தது. கம்பியில் தவறில்லை, சக்கரத்தின் உள்முகத்தில் தொழிற்சாலைக் கருப்புப் பூச்சு. கண்ணாடி இழை பேனாவால் அந்த இடத்தை மட்டும் சுரண்டியதும் 0.3 ஆனது.

39 மி.மீ. ரகசியம்

இனி ‘டிக்’. தண்டவாளத்தின் ஓரத்தில் சாக்பீஸால் உதறல் வரும் இடங்களைக் குறித்து, இடைவெளியை அளந்தோம். 39 மி.மீ., மறுபடியும் 39, மறுபடியும் 39. சக்கரத்தின் விட்டம் 12.5, சுற்றளவு 39.3. அச்சு ஒருமுறை சுற்றும்போது ஒருமுறை அடிக்கிறது. ஆகவே கோளாறு அச்சிலோ அச்சுக் கியரிலோதான்.

இந்தக் கணக்கு எல்லாக் கியருக்கும் வேலை செய்யும். அச்சுக் கியர் 15 பல், இடைக் கியர் 20 பல் என்றால், இடைக் கியரில் ஒரு பல் உடைந்திருந்தால் அடி 39.3 × 20 ÷ 15, அதாவது 52 மி.மீ.க்கு ஒருமுறை வரும். வார்மில் (மோட்டார் பக்கத்துத் திருகு போன்ற கியரில்) கோளாறு என்றால் 14:1 விகிதத்தில் 2.8 மி.மீ.க்கு ஒருமுறை, அது தனித்தனி ‘டிக்’ ஆகக் கேட்காது, உறுமலாகத்தான் கேட்கும். கழற்றாமலே எந்தக் கியர் என்று ஒரு ஸ்கேலும் சாக்பீஸும் சொல்லிவிடும்.

பின் போகியின் அடித்தட்டு நான்கு கொக்கியில் நிற்கிறது. நகத்தால் நெம்பினால் வந்துவிடும். நடு அச்சின் கியரை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு சக்கரத்தையும் எதிரெதிர்த் திசையில் மெல்லத் திருகியபோது, ஒரு பல்லின் அடிவாரத்தில் தலைமயிர் அளவு கோடு வாய் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. அவ்வளவுதான் விரிசல். ஆனால் அந்த இடத்தில் இரண்டு பல்லுக்கும் நடுவில் இடைவெளி விரிந்துவிட்டதால் இடைக் கியரின் பல் சுற்றுக்கு ஒருமுறை சரியாக உட்காராமல் மோதி ஏறுகிறது. ‘டிக்’ அங்கிருந்துதான், 0.38 ஆம்பியரில் பாதியும் அங்கிருந்துதான்.

ஏன் விரிந்தது என்றும் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் புதுக் கியரும் வெடிக்கும். இந்த வகை அச்சு இரண்டு துண்டு. இடது அரை அச்சும் வலது அரை அச்சும் பிளாஸ்டிக் கியரின் குழாய்க்குள் இருபக்கமும் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். நடுவில் தொடக் கூடாது, தொட்டால் இடது ரெயிலும் வலது ரெயிலும் ஷார்ட். அச்சின் முனை நழுவாமலிருக்கக் கூர்கூராக வரி வெட்டியிருப்பார்கள். இறுக்கம் அதிகம், வரி கூர்மை. வருடக்கணக்கில் உள்ளிருந்து விரித்துக்கொண்டே இருந்தால் பிளாஸ்டிக் ஒருநாள் விட்டுவிடும். ஓட்டாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் வெடிக்கும்.

ஃபெவிக்விக் வைத்து ஒட்டலாமா என்று கேட்காதவர் இல்லை. கியர் பெரும்பாலும் அசெட்டால் அல்லது நைலான். பசை அதில் நிற்காது. நின்றதுபோல் ஒரு மணி நேரம் ஓடும், பிறகு பசைத் தூளும் சேர்ந்து பல்லில் சிக்கும்.

புதுக் கியருக்கு அளவு எடுப்பது இப்படி: வெர்னியரில் வெளிவிட்டம் 6.8 மி.மீ., பல் 15. வெளிவிட்டத்தைப் பல்லின் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் மாட்யூல் கிடைக்கும். 6.8 ÷ 17 = 0.4. மாட்யூல் 0.4, 15 பல் என்று கேட்டு வாங்கினால் பொருந்தும். கண்ணளவில் ஒத்துப்போகிறது என்று மாட்யூல் 0.5 வாங்கிவந்தால் ஒரு சுற்றுகூடச் சுற்றாது.

பொருத்தும் முன் அச்சின் வரிகளை 400 நம்பர் எமரியில் கூர் மழுங்கத் தேய்த்தோம். கியரின் துளை அச்சைவிட 0.03 முதல் 0.05 மி.மீ. வரை சிறிதாக இருந்தால் போதும். கட்டைவிரல் பலத்தில் ஏறவேண்டும், சுத்தியல் தேவைப்பட்டால் துளையை ரீமரால் இன்னும் கொஞ்சம் திறக்கவேண்டும். பிடிப்புக்குக் குண்டூசி முனையில் ஒரு துளி ரிடெய்னிங் காம்பவுண்ட் (அச்சைத் துளைக்குள் பிடித்துவைக்கும் பசை). அது வழிந்து ஏபிஎஸ் போகி மேல் பட்டால் அந்தப் பிளாஸ்டிக் வெடிக்கும். வெளியே வைத்து, காயவிட்டு, துடைத்தபிறகே மாட்டவேண்டும். உள்ளே இரு முனைக்கும் நடுவில் ஒரு மி.மீ. இடைவெளி விட்டு, மல்டிமீட்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தொடர்பில்லை என்று உறுதிசெய்தாயிற்று.

சக்கரங்களின் உள்முகத்துக்கு உள்முகம் தூரம் 14.4 மி.மீ. வரவேண்டும். பழைய கியர் தளர்ந்ததால் இது 14.0க்கு வந்திருந்தது. மிகக் குறைந்தால் பாயிண்டின் காவல் தண்டவாளத்தில் சக்கரம் இறுகும், அதிகமானால் ஃப்ராக்கில் தவறான பக்கம் தாவும். மற்ற ஐந்து அச்சையும் அளந்ததில் இன்னொன்று 14.2, அதையும் திருத்தினோம். அந்தக் கியரில் விரிசல் இல்லை, இப்போதைக்கு.

கிரீஸ்

முன் போகிக்கு விரிசல் இல்லாமலேயே 0.06 ஆம்பியர் போனதற்குக் காரணம் வார்ம் பெட்டியைத் திறந்ததும் தெரிந்தது. தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் பழுப்பேறி, பாகு முற்றிய வெல்லம் போல் கியரின் இருபக்கமும் சுவராக நின்றது. எண்ணெய் பிரிந்து போய், அதைக் கெட்டியாக்கிப் பிடித்திருந்த சோப்பு மட்டும் மிச்சம். மொட்டை மாடி அறையின் சூட்டில் இது சீக்கிரமே நடக்கும். மார்கழியில் நன்றாக ஓடியது சித்திரையில் இழுத்தால் இங்கேதான் பார்க்கவேண்டும்.

எல்லாப் பல்லையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, பல்லிடுக்கைப் பல்குச்சியால் எடுத்தோம். பெட்ரோல், தின்னர் வேண்டாம், ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். திரும்ப வைப்பது பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும் வெள்ளை லித்தியம் கிரீஸ், வார்முக்கு ஒரு உளுந்து அளவு. அச்சு பேரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி. வண்டிக்குப் போடும் மஞ்சள் கிரீஸ் கெட்டி. தேங்காய் எண்ணெய் போட்ட எஞ்சின்களும் மேசைக்கு வருவதுண்டு. குளிரில் உறைந்து, வெயிலில் பிசினாகி, இரண்டு பருவத்திலும் கெடுக்கும்.

மூடும் முன் வார்மின் முன்பின் ஆட்டத்தையும் பார்த்தோம். 0.2 மி.மீ. இருக்கலாம். இங்கே பின் வார்ம் 0.7 ஆடியது. இறக்கத்தில் பெட்டிகள் தள்ளும்போது வார்ம் முன்னும் பின்னும் அடித்து வண்டி குதிரைபோல் துள்ளுவது இதனால்தான். 0.1 மி.மீ. ஓஎச்பி ஷீட்டில் வாஷர் வெட்டி ஐந்து போட்டு ஆட்டத்தை 0.2க்குக் கொண்டுவந்தோம். முழுக்க அடைத்துவிட்டால் சூடாகி இறுகும்.

மோட்டார், ஒருவழியாக

ஐந்து துருவ மோட்டார், இரண்டு ஃப்ளைவீல். பிரஷ் முனைகளில் ஓம்மீட்டர் வைத்து ஃப்ளைவீலை மெல்லச் சுற்றியபோது ஒவ்வொரு நிலையிலும் கிட்டத்தட்ட ஒரே தடை காட்டியது. ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் எண் தாவினால் சுருள் அறுந்திருக்கும், அப்படி இல்லை. பிரஷ்களை எடுத்து, கம்யூட்டேட்டரை ஆல்கஹால் நனைத்த பட்ஸால் துடைத்து, துண்டுகளுக்கு நடுவிலுள்ள காடியில் அடைந்த கார்பனைப் பல்குச்சியால் எடுத்தோம். 0.09 ஆம்பியர் 0.07 ஆனது. கம்யூட்டேட்டருக்கு எண்ணெய் ஒருபோதும் விடக் கூடாது. கார்பன் தூளோடு சேர்ந்து பசையாகி காடியை ஷார்ட் செய்யும்.

ஆர்மேச்சரை வெளியே எடுக்கவில்லை. பழைய அல்னிகோ காந்த மோட்டார்களில் ஆர்மேச்சரை உருவினால் காந்தம் பலம் இழக்கும்: பிறகு வேகம் கூடும், கரண்ட் கூடும், இழுவை குறையும். ஃபெரைட் காந்தத்தில் அந்தப் பயம் இல்லை. எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் உருவாமல் விடுவதே மேல்.

கூட்டி மாட்டியபின் தனி ஓட்டத்தில் 0.14 ஆம்பியர், ஒரு மீட்டருக்கு 2.4 நொடி. 130 கி.மீ.

இழுவைக்கு ஈயம்

எஞ்சின் எடை 430 கிராம். சமையலறை டிஜிட்டல் தராசில் 200 கிராம் படிக்கல் வைத்து, நூல் கட்டி, உருளை வழியாக எஞ்சினின் கப்ளரில் மாட்டி முழு வேகம் கொடுத்தால், சக்கரம் வழுக்கும்போது தராசு எவ்வளவு குறைத்துக் காட்டுகிறதோ அதுவே இழுவை. 84 கிராம். எடையில் ஐந்தில் ஒரு பங்கு; டயர்கள் பளபளவென்று தேய்ந்துவிட்டதால் வெறும் உலோகச் சக்கர அளவுக்குத்தான் வந்தது.

தேவை எவ்வளவு? 12 ஐசிஎஃப் பெட்டி, ஒன்று 130 கிராம், மொத்தம் 1560. உலோக அச்சுப் பெட்டிக்கு உருளும் தடை எடையில் இரண்டரை சதவீதம் என்று வைத்தால் 39 கிராம். 2 சதவீத ஏற்றத்துக்குப் பெட்டிகளுக்கு 31, எஞ்சினுக்கு 9. கூட்டினால் 79. காகிதத்தில் ஐந்து கிராம் மிச்சம். வளைவு வந்தால் அதுவும் போய்விடும். ஏழு பெட்டியைத் தாண்டியதுமே வழுக்கியதற்குக் காரணம், இரண்டு பெட்டியில் பிளாஸ்டிக் அச்சு. அவற்றின் தடை இரண்டு மடங்குக்கு மேல். அச்சை மாற்றியாயிற்று.

எஞ்சினுக்கு 90 கிராம் ஈயம் சேர்த்தோம். மீன் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, பாதியை முன் போகிக்கு மேலும் பாதியைப் பின் போகிக்கு மேலும் கூட்டின் உட்கூரையில் ஒட்டினோம். ஒரு பக்கமே வைத்தால் மறுபக்கச் சக்கரம் காற்றில் சுற்றும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. புது டயரும் போட்டபின் 128 கிராம் இழுக்கிறது. எடை கூட்டியபின் ஒன்று மட்டும் பார்க்கவேண்டும்: கையால் பிடித்து நிறுத்தி முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் சக்கரம் வழுக்கவேண்டும், மோட்டார் நிற்கக் கூடாது. இங்கே வழுக்கும்போது 0.43 ஆம்பியர். சக்கரத்தை இறுக்கிப் பிடித்து ஒரே ஒரு நொடி பார்த்த ஸ்டால் கரண்ட் 0.95. ஈயத்துக்கு இன்னும் இடம் இருந்தாலும் இதோடு நிறுத்தியாயிற்று.

டிசிசிக்கு மாற்றும்போது

டிசிசி என்பது தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை; எஞ்சினுக்குள் அதைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிறு போர்டுதான் டிகோடர். இதற்கு மோட்டாரின் இரண்டு முனையும் சேஸிஸிலிருந்து விலகியிருக்கவேண்டும். இந்தச் சேஸிஸில் ஒரு பிரஷ்ஷின் ஸ்பிரிங் உலோக அடித்தட்டைத் தொட்டு நின்றது; டிசியில் அதுதான் வழி, டிசிசியில் டிகோடர் அந்த நொடியே எரியும். கேப்டன் (Kapton) எனும் சூடு தாங்கும் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று சுற்றி, மல்டிமீட்டரில் திறந்த சர்க்யூட் என்று பார்த்தபிறகே அடுத்த வேலை. பிரஷ்களுக்குக் குறுக்கே இருந்த 104 கெபாசிட்டரையும் எடுத்துவிட்டோம். டிகோடர் மோட்டார் வேகத்தை அளப்பதை அது குழப்பும்.

எட்டு முனை சாக்கெட்டின் நிறங்கள்: சிவப்பு வலது ரெயில், கருப்பு இடது ரெயில், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் பொது பிளஸ். விளக்குக்கு வார்ம் ஒயிட் எல்இடி, தொடரில் 2.2 கிலோ ஓம். ஒரு கிலோ ஓம் போட்டால் கண் கூசும்.

ஃப்ராக்கில் துளிகூடத் திக்கக் கூடாது என்றால் கீப்-அலைவ், அதாவது கரண்ட் விட்டுப்போகும் நொடியில் கைகொடுக்கும் கெபாசிட்டர், தேவை. இதில் ஒரு கணக்கு போட்டுவிட்டு வாங்குவது நல்லது. 25 வோல்ட் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், மோட்டார் 0.15 ஆம்பியர் இழுக்க, 13இலிருந்து 8 வோல்ட்டுக்கு இறங்க 0.033 நொடி. விளக்கு சிமிட்டாமல் காக்கும், அவ்வளவே. 2.7 வோல்ட் 1 ஃபாரட் சூப்பர் கெபாசிட்டர் ஆறு தொடரில் போட்டால் 16.2 வோல்ட் தாங்கும், 0.167 ஃபாரட் கிடைக்கும். அதே கணக்கில் ஐந்தரை நொடி ஓடும். ஐந்து போட்டால் இடம் மிச்சம்தான், ஆனால் 13.5 வோல்ட்தான் தாங்கும். தண்டவாள வோல்ட்டேஜ் 15, 16 என்றால் உப்பிவிடும். ஆறும் ஒரே வகை, ஒரே பேட்சாக இருக்கவேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தனித்தனிக் கடையில் பொறுக்கிச் சேர்க்காதீர்கள்.

இணைப்பு: டிகோடரின் நீல ஒயரிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கெபாசிட்டரின் பிளஸ், அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, வெள்ளிக் கோடு நீல ஒயர் பக்கம். மைனஸ் டிகோடரின் கிரவுண்ட் புள்ளிக்கு. நிரம்பும்போது மெதுவாக ரெசிஸ்டர் வழி, காலியாகும்போது தடையில்லாமல் டையோடு வழி. ரெசிஸ்டர் 1 வாட். கால் வாட் போட்டால் முதல் நிரப்பலிலேயே கருகும் வாசம் வரும்.

சிவி (டிகோடரின் அமைப்பு எண்கள்) எல்லாவற்றையும் கீப்-அலைவ் மாட்டும் முன் எழுதிவிடவேண்டும். மாட்டியபின் புரோகிராமிங் டிராக்கில் படிக்க முடியாமல் போகலாம். இங்கே வைத்தது: சிவி2 = 3, சிவி3 = 18, சிவி4 = 12. சிவி29ஐ 6இலிருந்து 2 ஆக்கி அனலாக் ஓட்டத்தை நிறுத்தியாயிற்று; இல்லாவிட்டால் சிக்னல் தடுமாறும் இடத்தில் வண்டி தானாக முழு வேகம் எடுக்கும் அபாயம் உண்டு. பாதை முழுக்க ஆங்காங்கே இரண்டு ரூபாய் நாணயத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்துப் பார்த்தோம். எல்லா இடத்திலும் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு டிசிசி கரண்ட் கொடுக்கும் பெட்டி) உடனே ட்ரிப் ஆகவேண்டும். ஆகாத இடத்தில் ஃபீடர் போதவில்லை என்று அர்த்தம். அங்கே ஷார்ட் ஆனால் எஞ்சின்தான் உருகும்.

பாண்டோகிராஃப்

கூரைமேல் உள்ள பாண்டோகிராஃப் கையால் மேல்கம்பியிலிருந்து நிஜமாகவே கரண்ட் எடுக்கவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். டிசிசியில் வேண்டாம். எஞ்சினைத் திருப்பி வைத்தால் மேல்கம்பிக்கு இணைந்த ரெயில் பக்கம் மாறி ஷார்ட் ஆகிவிடும். கூரைக்குக் கீழே உள்ள இணைப்பை வெட்டி, பாண்டோவை வெறும் காட்சியாக வைத்தோம். நம் வண்டிகளில் வழக்கமாகப் பின் பாண்டோதான் உயர்ந்திருக்கும். அப்படியே வைத்தால் பார்க்க நிஜம்.

கம்பியின் உயரம் நிஜத்தில் 5.5 மீட்டர், மாதிரியில் 63 மி.மீ. நேர்ப்பாதையில் இடவலமாக 200 மி.மீ. விலகிப் போகும், அது 2.3 மி.மீ. இந்த விலகலை விட்டுவிட்டுக் கம்பியை நடுவிலேயே நேராகக் கட்டினால் பாண்டோவின் தலை ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளம் விழும், மாதிரியிலும்தான்.

ஸ்பிரிங் தொழிற்சாலையில் வைத்தபடி மிகக் கடினம், கம்பியை 3 மி.மீ. தூக்கியது. இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்றைக் கழற்றி, மற்றதை ஒரு சுற்று நீட்டியபின் அரை மி.மீ.தான் தூக்குகிறது. ஆனால் இரண்டாவது பாயிண்டின் மேலே, இரு கம்பிகள் சேரும் இடத்தில், தலையின் இடது கொம்பு இன்னும் பத்துக்கு ஒருமுறை கம்பிக்கு மேலே ஏறிக்கொள்கிறது. அங்கே பக்கவழிக் கம்பியை 0.8 மி.மீ. உயர்த்திக் கட்டவேண்டியிருக்கிறது, சால்டரிங் அயர்னின் நுனியை மாற்றியபின் அந்த வேலை.